கைம்பெண்களுக்கு வீடு கட்டிய கைம்பெண்: பண்டித ரமாபாய்

சுருவிலில் அம்மாவின் வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு அறை, ஒரு சின்ன விறாந்தை, பின்னால் குசினி. சீமெந்துக் கல்லில் கட்டி, மேலே சீற் போட்ட வீடு. கணவனை இழந்து வறுமையில் இருக்கும் பெண்களுக்கென்று கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு ஒன்று கட்டிக் கொடுத்த வீடுகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் அம்மா இருந்தது நாலு பக்கமும் தகரம் அடித்த ஒரு கொட்டிலில். சோளகம் வீசும் மாதங்களில் அந்தத் தகரங்கள் இரவிரவாக அடித்துக்கொள்ளும். மாரி வந்தால் பாய் போட இடம் தேட வேண்டும்.

பால் காய்ச்சும் நேரம் வந்தபோது அம்மா மெல்லப் பின்னுக்குப் போனார். முன்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அடுப்பை மூட்டச் சொன்னார். அந்த அக்காவுக்குக் கணவர் இருக்கிறார். எங்கள் அப்பா 1990 இல் போய்விட்டார். அந்த ஆண்டில் தீவகத்தை விட்டு வெளியேறிய நாங்கள் யாழ்ப்பாணம், தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, போர் முடிந்த பிறகுதான் பற்றை மூடிக் கிடந்த எங்கள் காணிக்குத் திரும்பினோம். இத்தனை வருடங்களில் எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னுக்கு நின்றதில்லை. யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. முழிவியளம் சரியில்லை என்று ஒருவர் முகம் சுளிக்க முன்னர் அவராகவே ஒதுங்கிவிடுவார். ஆனால் தன் சொந்த வீட்டு அடுப்பையும் தான் மூட்டக்கூடாது என்று அவர் நினைத்தது அன்றுதான் எனக்குச் சுட்டது.

வந்திருந்தவர்களில் வயதான அருட்சகோதரி ஒருவரும் இருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் நெருப்புப் பெட்டியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுப்பை மூட்டினார். பால் பொங்கியது.

பின்னர் எல்லோரும் விறாந்தையில் பாய் விரித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நூறு வருடங்களுக்கு முன் இந்தியாவில் கைம்பெண்களுக்கென்றே ஓர் ஊர் மாதிரி இல்லம் கட்டிய பண்டித ரமாபாய் பற்றி அந்த அருட்சகோதரி சொன்னார். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அந்த அம்மாவும் எங்களைப் போலக் கணவனைப் பறிகொடுத்தவரா என்று கேட்டார். ஆம் என்று பதில் வந்ததும் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்காகவே நான் ரமாபாயைத் தேடி வாசித்தேன். வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பசியில் நடந்த குடும்பம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பகுதியான கங்காமூலாவில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருதப் பண்டிதர், மராத்திய பிராமணர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக்கூடாது என்று இருந்த காலத்தில் தன் இளம் மனைவி லட்சுமிபாய்க்கு அவர் அதைக் கற்பித்தார். ஊர் எதிர்த்தது. அந்த எதிர்ப்பின் நடுவில்தான் அவர் காட்டுக்குள் போய்க் குடியிருந்து, வந்த மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கையில் இருந்த பொருள் கரைந்ததும் குடும்பம் காட்டை விட்டுப் புறப்பட்டது. அப்போது ரமாபாய் ஆறு மாதக் குழந்தை. பிரம்புக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து கொண்டு போனார்கள். அன்று தொடங்கிய நடை இருபது வருடங்களுக்கு மேல் நிற்கவில்லை. கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசிப்பதும், கேட்டவர்கள் கொடுப்பதை வாங்கி உண்பதும்தான் அவர்களின் சீவியம். தாயே ரமாபாய்க்கு ஆசிரியர். பன்னிரண்டு வயதிலேயே பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்கள் அவருக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள்.

பிறகு பஞ்சம் வந்தது. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. புராணம் கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. கையில் இருந்த பாத்திரங்களையும் விற்றுச் சாப்பிட்டார்கள். அதுவும் முடிந்ததும் காட்டில் கிடைத்த இலைகளையும் காய்களையும் தின்றார்கள். சாதி கௌரவத்தில் வளர்ந்த குடும்பம், கூலி வேலைக்குப் போகவும் தெரியாது, பிச்சை கேட்கவும் வாய் வராது. ரமாபாய்க்குப் பதினாறு வயதளவில் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் இறந்தார். அதன் பிறகு அக்காவும் போய்விட்டார். மிஞ்சியது ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசனும் மட்டும்.

அண்ணனும் தங்கையுமாக இந்தியாவின் தெற்கிலிருந்து வடக்கு வரை இரண்டாயிரம் மைலுக்கு மேல் கால்நடையாக நடந்தார்கள். வடக்கே ஜீலம் ஆற்றங்கரையில், போர்த்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், மணலில் குழி தோண்டி உள்ளே இறங்கி, தலை மட்டும் வெளியே தெரிய, காய்ந்த மணலை மேலே மூடிக்கொண்டு குளிரைக் கழித்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு 2009 இன் முற்பகுதி ஞாபகத்துக்கு வந்தது. குழிக்குள் இருந்து உயிரைப் பிடித்தவர்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பண்டிதர் ஆனார், கைம்பெண்ணும் ஆனார்

1878 இல் இருவரும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் ஒருவர் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு அங்கிருந்த அறிஞர்கள் வியந்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டுப் பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். பெண்கள் படிக்க வேண்டும், பால்ய மணம் ஒழிய வேண்டும் என்று வங்காளத்தில் பல இடங்களில் அவர் பேசத் தொடங்கினார்.

1880 இல் அண்ணன் ஸ்ரீநிவாசனும் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரி மேதாவியை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்தார். இரண்டு பக்கத்திலும் உறவினர் ஏற்கவில்லை. 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பெப்ரவரியில் வாந்திபேதி கணவரைக் கொண்டுபோனது. கையில் பத்து மாதக் குழந்தையுடன் நின்ற ரமாபாய்க்கு வயது 23.

அக்காலத்து உயர்சாதி இந்துக் குடும்பங்களில் கைம்பெண் என்றால் என்ன என்பதை அவர் பின்னாளில் விரிவாக எழுதினார். ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் கட்டி வைக்கப்பட்ட சிறுமிகள், கணவனின் முகம் நினைவில் பதிய முன்னரே கைம்பெண்கள் ஆனார்கள். தலையை மழித்தார்கள். ஒரு நேரச் சாப்பாடு. வீட்டு வேலை முழுவதும் அவர்கள் தலையில். கணவன் இறந்ததற்கு அவர்களின் பாவமே காரணம் என்று காது படப் பேசினார்கள். புகுந்த வீட்டிலும் இடமில்லை, பிறந்த வீட்டிலும் இடமில்லை என்றானவர்கள் போகக்கூடிய இடம் என்று ஒன்று இருக்கவே இல்லை. அந்த இடத்தைத்தான் ரமாபாய் கட்டினார்.

இடம் தேடிய பயணம்

கணவர் இறந்த அதே 1882 இல் அவர் புனே நகருக்கு வந்து, பெண்களுக்கான ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு இந்தியாவில் கல்வி பற்றி விசாரித்த ஹன்டர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று வற்புறுத்தினார். தானே மருத்துவம் படிக்கவும் விரும்பினார். பெண்களின் கடமை பற்றி மராத்தியில் ஒரு நூல் எழுதி, அதன் வருமானத்தை வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, 1883 இல் குழந்தையுடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஆனால் காது கேளாமை கூடிக்கொண்டே போனதால் மருத்துவம் கைகூடவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் வோன்டேஜ் என்னும் ஊரில் ரமாபாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். இந்தியாவில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. புராணம் ஓதிய பண்டிதை மதம் மாறிவிட்டார் என்பதை அவரைப் புகழ்ந்தவர்கள் பலராலும் தாங்க முடியவில்லை. அவரோ மதம் மாறிய பிறகும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. கைம்பெண்ணின் வெள்ளைச் சேலையை விடவில்லை. மரக்கறிச் சாப்பாட்டை விடவில்லை. ஆங்கிலத் திருச்சபைப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவர்களும் இந்தப் பெண் அடங்க மாட்டேன் என்கிறாரே என்று வருத்தப்பட்டார்கள்.

1886 இல் அமெரிக்கா போனார். அவருடைய உறவுப் பெண் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காகத்தான் முதலில் போனார். பிறகு அங்கேயே இரண்டு வருடங்களுக்கு மேல் தங்கி, ஊர் ஊராகப் போய் இந்தியக் கைம்பெண்களின் நிலையை எடுத்துச் சொன்னார். 1887 இல் உயர்சாதி இந்துப் பெண் என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த ஆண்டின் இறுதியில் பொஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் உருவானது. கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றைப் பத்து வருடங்களுக்கு நடத்தப் பணம் தருவதாக அந்தச் சங்கத்தினர் பொறுப்பேற்றார்கள்.

சாரதா சதன்

1889 மார்ச் 11 இல் பம்பாயில் சாரதா சதன் என்ற இல்லம் திறக்கப்பட்டது. முதல் நாள் இரண்டே இரண்டு மாணவிகள். அவர்களில் ஒருவர் கோதுபாய் என்னும் இளம் கைம்பெண். அடுத்த ஆண்டு இல்லம் புனேக்கு மாறியது. எழுத்து, கணக்கு, கைத்தொழில், ஆசிரியப் பயிற்சி என்று படிப்பு நடந்தது. அதைவிட முக்கியமானது, தலைமயிரை வளர்க்கவும், பூந்தோட்டத்தில் நடக்கவும், வயிறாரச் சாப்பிடவும், சிரிக்கவும் அங்கே தடை இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மதத்தைத் திணிப்பதில்லை என்ற உறுதியோடுதான் சாரதா சதன் தொடங்கியது. இந்துச் சீர்திருத்தவாதிகளும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். ஆனால் ரமாபாய் தன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செபம் செய்வார். பிள்ளைகள் சிலர் தாமாகவே வந்து இருந்தார்கள். சிலருக்கு அந்தச் சமயத்தில் நாட்டம் வந்தது. செய்தி வெளியே போனதும் திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாக எழுதியது. 1893 இல் ரானடே, பண்டார்கர் போன்றவர்கள் குழுவிலிருந்து விலகினார்கள். பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் நான் ரமாபாயின் பக்கம் மட்டும் நின்று பேச மாட்டேன். போக்கிடம் இல்லாத ஒரு பெண், சோறும் கூரையும் தருபவரின் சமயத்தை எவ்வளவு சுதந்திரமாக வேண்டாம் என்று சொல்ல முடியும்? இந்தக் கேள்வி எங்கள் தீவகத்திலும் இருக்கிறது. அம்மாவுக்கு வீடு வந்தபோது அயலில் சிலர் இனி எந்தக் கோயிலுக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மாவிடம் கட்டியவர்கள் எதையும் கேட்கவில்லை. அவர் இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறார். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரமாபாயைத் திட்டியவர்களில் பெரும்பாலோர் ஒரு கைம்பெண்ணுக்கும் தங்கள் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை என்பதும் உண்மை. திறந்தவர் தோண்டோ கேசவ் கார்வே. மனைவியை இழந்த அந்தப் பேராசிரியர், சாரதா சதனின் முதல் மாணவி கோதுபாயை 1893 இல் மறுமணம் செய்தார். சொந்த ஊர் அவரைத் தள்ளி வைத்தது. 1896 இல் இந்துக் கைம்பெண்களுக்காக அவர் தொடங்கிய இல்லம் வளர்ந்து, அதன் வழியே 1916 இல் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகம் பிறந்தது. 1958 இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. ரமாபாய்க்கு அவரது எதிர்த்தரப்பிலிருந்து கிடைத்த பதில்களில் மிக நல்லது இதுதான் என்பேன்.

கேட்காவ் நிலம்

அமெரிக்கப் பணம் பத்து வருடங்களுக்கு மட்டுமே என்பது ரமாபாய்க்குத் தெரியும். அது நின்ற பிறகு என்ன செய்வது? புனேயிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரத்தில், ரயில் பாதை ஓரமாக, கேட்காவ் என்னும் ஊரில் சுமார் 100 ஏக்கர் நிலம் வாங்கினார். கிணறு வெட்டி, பழமரங்கள் நட்டார். பழம் விற்ற காசில் இல்லம் நடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மரங்கள் காய்க்க முன்னர் 1896-97 பஞ்சம் மத்திய மாகாணங்களைத் தாக்கியது. தாயும் தந்தையும் பசியில் இறந்ததைக் கண்ட ரமாபாயால் புனேயில் இருக்க முடியவில்லை. நேரே அங்கு போனார். நிவாரண முகாம்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண்களையும், அவர்களைச் சுற்றித் திரிந்த தரகர்களையும் கண்டார். ஒரு நேரச் சோற்றுக்காக இளம் பெண்கள் விலை போவதைக் கண்டார். ஏறக்குறைய 300 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு பேரை வைத்திருக்க அவரிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை.

அந்த நேரத்தில் புனேயில் கொள்ளைநோய் பரவியிருந்தது. வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்து நகருக்குள் தங்கவைக்க முடியவில்லை. ஆகவே கேட்காவ் வெளியில் கொட்டில் போட்டார்கள். கொள்ளைநோய் முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து 1897 இல் ரமாபாய் பத்திரிகைக்கு எழுதினார். அரசாங்கம் கோபப்பட்டது. அவர் பின்வாங்கவில்லை. முட்கம்பி முகாம்களில் இருந்து வந்த எங்கள் பெண்களுக்கு, அப்படி எழுத ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

1898 அளவில் கொட்டில்கள் இருந்த இடத்தில் நிரந்தரக் கட்டடங்கள் எழுந்தன. அந்த இடத்துக்கு ரமாபாய் வைத்த பெயர் முக்தி. 1900 இல் குஜராத் பக்கம் இன்னொரு பெரும் பஞ்சம் வந்தபோது மீண்டும் ஆட்களை அனுப்பிப் பெண்களை மீட்டார். அப்போது முக்தியில் இருந்தவர்கள் தொகை ஏறக்குறைய 2,000.

அங்கே தனித்தனி வீடுகள் இல்லை. நீண்ட, எளிய கட்டடங்களில் கூட்டம் கூட்டமாகத் தங்கினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர். படிக்கிறவர்களுக்குச் சாரதா சதன். ஆண்களால் சீரழிக்கப்பட்டு ஊர் ஒதுக்கிய பெண்களுக்குக் கிருபா சதன். வயது போனவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் பிரீதி சதன். கண் தெரியாத பெண்களுக்கு மகள் மனோரமா பிரெய்ல் எழுத்துக் கற்பித்தார். எல்லோருக்கும் வேலை இருந்தது. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுவது, மாடு வளர்ப்பு, தோட்டம், வெதுப்பகம், தாதியர் பயிற்சி, அச்சகம். அச்சுக் கோர்த்தவர்களும் பெண்கள், இயந்திரம் ஓட்டியவர்களும் பெண்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரமாபாய் நிலம் வாங்கியதும் கிணறு வெட்டினார், மரம் நட்டார், பிறகுதான் கட்டடங்கள் வந்தன. பசி எப்படி ஒரு குடும்பத்தை அழிக்கும் என்று அவருக்குத் தெரியும். படித்த அவருடைய பெற்றோர் கூலிவேலை தெரியாததால் இறந்தார்கள். அதனால் தன்னிடம் வந்த எந்தப் பெண்ணையும் ஒரு கைத்தொழில் இல்லாமல் அவர் வெளியே விடவில்லை.

கடைசி வருடங்கள்

பிற்காலத்தில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதிகம் படிக்காத பெண்களுக்கும் விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முக்தி அச்சகத்தில் அந்தப் பெண்களே அதை அச்சிட்டார்கள். 1919 இல் பிரித்தானிய அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது.

தனக்குப் பிறகு மனோரமா முக்தியைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தார். 1921 ஜூலையில் மனோரமா நாற்பது வயதில் இறந்தார். தாய், தந்தை, அக்கா, அண்ணன், கணவர் என்று எல்லோரையும் கொடுத்த பிறகு மகளையும் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்பது மாதங்கள்கூட அவர் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பின் கடைசித் திருத்தங்களை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5 இல், 63 வயதில், கேட்காவில் கண்ணை மூடினார். 1989 இல் இந்திய அரசு அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

எங்கள் ஊருக்கு இதில் என்ன?

போர் முடிந்த அடுத்த ஆண்டில், 2010 இல், வடக்குக் கிழக்கில் 89,000 கைம்பெண்கள் இருப்பதாக அரசாங்கத்தின் பிரதியமைச்சர் ஒருவரே கூறினார். அதற்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். அவர்கள் பொட்டு வைத்தாலும் கதைப்பார்கள், வைக்காவிட்டாலும் கதைப்பார்கள். தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் சீதனமாக வந்த தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனே எங்கே என்று தெரியாதவள் யாரிடம் கையெழுத்து வாங்குவாள்?

வீடுகள் வந்தன. அரசாங்கம் கட்டியது, வெளிநாடுகள் கட்டின, தேவாலயங்கள் கட்டின, புலம்பெயர்ந்த உறவுகள் கட்டினார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வீடு கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்து பார்த்தவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உதவித்தொகை கூரை மட்டத்தோடு முடிந்துவிட்டது. மிச்சத்தைக் கட்ட நுண்கடன் எடுத்தார். வாராவாரம் கடன்காரர் வந்து புது வீட்டு வாசலில் நிற்கும்போது அவர் பின்பக்கத்தால் போய்ப் பனங்கூடலுக்குள் ஒளிந்திருப்பார். இன்னொருவர் கதவைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். வீடு இருக்கிறது, கிணற்றில் உவர்த்தண்ணீர், வேலை இல்லை. அந்த வீட்டில் எப்படி இருப்பது?

பள்ளிக்கூடத்தில் அறம், பொருள், இன்பம், வீடு என்று நாங்கள் படித்தோம். அதில் வரும் வீடு என்றால் முக்தி என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். ரமாபாய் தன் இல்லத்துக்கு முக்தி என்று பெயர் வைத்ததை வாசித்தபோது அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

தீவகத்தில் இனியும் யாராவது கைம்பெண்களுக்கு வீடு கட்ட வந்தால், சங்கமோ, கோயிலோ, தேவாலயமோ, கனடாவில் இருக்கும் ஊர் ஒன்றியமோ, ரமாபாய் செய்த வரிசையில் யோசியுங்கள் என்று கேட்கிறேன். முதலில் தண்ணீர். பிறகு அந்தப் பெண்ணின் கைக்கு ஒரு தொழில். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்ற விசாரணை. கட்டி முடிக்கப் போதுமான பணம், பாதிக்கு மேல் கடன் எடுக்கச் சொல்லாத பணம். திறப்பு விழாப் படங்களை அனுப்பிய பிறகு அடுத்த வருடம் ஒரு முறை வந்து பார்த்தல். கொடுப்பவரின் சாமியைக் கும்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எந்தப் பக்கத்திலிருந்தும் வேண்டாம்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ரமாபாய் சண்டை பிடித்தது பஞ்சத்தோடு மட்டுமல்ல, கைம்பெண்ணைக் கண்டால் முகத்தைத் திருப்பிய ஊரோடும்தான். எங்கள் ஊரில் தலை மழிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. ஆனாலும் அம்மா தன் வீட்டுப் பாலைக் காய்ச்சப் பயந்தார். அந்தப் பயத்தை அவருக்கு நாங்கள்தான் கொடுத்திருந்தோம்.

அம்மா இப்போது விறாந்தையில் இருந்து பனையோலையில் பெட்டி இழைக்கிறார். சந்தைக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து விற்கிறார். காசு பெரிதாக வருவதில்லை, ஆனால் யாரிடமும் கேட்பதில்லை. போன தையில் அயலில் ஒரு புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் கணவனை இழந்தவர். அடுப்படிக்கு வர அவர் தயங்கி நின்றார். அம்மா எழும்பிப் போய் நெருப்புப் பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.